குட்டியைக் காரில் கூட்டிவர எந்தக் கூண்டு?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். பெங்களூரில் லேப்ரடார் பெண் குட்டி ஒன்றைப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டோம். மே முதல் வாரத்தில் அதற்கு எட்டு வாரம் முடிகிறது. எங்கள் வேகன் ஆர் காரிலேயே போய்க் கூட்டிவரப் போகிறோம். கடைக்காரர், "வளர்ந்த பிறகும் ஆகும், ஒரே செலவாப் போயிடும்" என்று 42 இன்ச் கம்பிக் கூண்டைக் காட்டுகிறார். மாமியார், "அட்டைப்பெட்டியில நாலு ஓட்டை போட்டா ஆச்சு, இதுக்குப் போய் கூண்டா?" என்கிறார். பத்து வயது மகள் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். பக்கத்து வீட்டில் பழைய பிளாஸ்டிக் கேரியர் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?
– காட்பாடி வாசகி

பதில் தருபவர்: கால்நடை மருத்துவர், வேலூர்

முதலில் பக்கத்து வீட்டுக் கேரியரை இறக்கி வைத்து அளந்து பாருங்கள். உள்தரை நீளம் 50 செ.மீ.க்கு மேல், அகலம் 30, உயரம் 35 இருந்து, மேல், கீழ் பிளாஸ்டிக் ஓடுகளும் கதவும் உறுதியாக இருந்தால் உங்களுக்கு அதுவே போதும். 42 இன்ச் கம்பிக் கூண்டுக்கு இந்தப் பயணத்தில் வேலையே இல்லை.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வளர்ந்த லேப்ரடாருக்கு 42 இன்ச்தான் சரியான அளவு. ஆனால் வீட்டுக் கூண்டும் கார்க் கூண்டும் இரண்டு வேறு வேலைக்கான பொருள்கள். வீட்டில் கூண்டு குட்டிக்குத் தூங்கும் அறை. காரில் அதுதான் குட்டிக்கு சீட் பெல்ட். பெல்ட் தொளதொளவென்று கிடந்தால் என்ன பயன்? 107 செ.மீ. நீளக் கூண்டுக்குள் 40 செ.மீ. குட்டியை விட்டால், ஒவ்வொரு பிரேக்குக்கும் அது முன்னால் சரிந்து கம்பியில் மோதும், வளைவில் பக்கவாட்டில் உருளும். கம்பி இடுக்கில் நகமோ, பால் பல்லோ, கீழ்த்தாடையோ மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். அதற்கு முன்னால் ஒரு சிக்கல்: அந்தக் கூண்டை மடித்தால்தான் உங்கள் காருக்குள் போகும், விரித்தால் பின்சீட்டில் உட்காராது.

மடி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கார் 60 கி.மீ. வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத குட்டி அதே 60 கி.மீ. வேகத்தில் முன்னால் பறக்கும். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுகிற வேகம் அது. பத்து வயதுப் பிள்ளையின் கை அதைத் தாங்காது, பெரியவர் கையும் தாங்காது. விபத்து வேண்டாம், குட்டி மிரண்டு மடியிலிருந்து குதித்து ஓட்டுபவர் காலடிக்குப் போய் பிரேக் பெடலுக்குக் கீழே புகுந்தாலே போதும். முன்சீட்டில் மடியில் வைப்பது இன்னும் மோசம், ஏர்பேக் விரிந்தால் அது குட்டி மேல்தான் அடிக்கும். மகளுக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. சின்னதாக, கொஞ்சம் இருட்டாக இருக்கும் இடத்தில்தான் குட்டி அடங்கிப் படுக்கும். அட்டைப்பெட்டி அந்த உணர்வைத் தரும். ஆனால் இரண்டு முறை மூத்திரம் போனால் அடி ஊறிவிடும், தூக்கும்போது குட்டியோடு பெயர்ந்து விழும். ஓட்டையின் விளிம்பைக் கடித்துப் பெரிதாக்கவும் குட்டிக்கு நேரம் ஆகாது. துணியால் செய்த பைக் கேரியரும் லேப்ரடாருக்கு ஆகாது. அதன் பலவீனம் ஜிப் முனை. மூக்கால் நெம்பினால் திறந்துகொள்ளும், பக்கத் துணி தொய்ந்து மூக்கின் மேல் படியும். தக்காளி கிரேட்டை மேலும் கீழுமாகக் கவிழ்த்துக் கட்டிக் கொண்டுபோகலாமா என்றும் சிலர் கேட்பது உண்டு. அதன் பக்கத்துளைகளில் குட்டியின் பாதம் போய் முறுக்கிக்கொள்ளும். வேறு வழியே இல்லாத அவசரத்துக்கு, உள்ளே சுற்றிலும் தடித்த துணி விரித்து, அரை மணி நேரத் தூரத்துக்கு வேண்டுமானால் சரி. பெங்களூர் தூரத்துக்கு வேண்டாம்.

இனி அளவு. விமானத்தில் நாய் ஏற்றுவதற்கு, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. காருக்கும் அதுவே நல்ல வழிகாட்டி. குட்டியை வளர்ப்பவரிடம் போனில் சொல்லி நாலு அளவு எடுக்கச் சொல்லுங்கள், தையல்காரர் டேப் போதும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்று (வாலைச் சேர்க்கக் கூடாது). தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை ஒன்று. தோளின் அகலமான இடம் ஒன்று. நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி வரை ஒன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரட்டித்தால் கூண்டின் அகலம். தலை உயரத்தோடு படுக்கையின் கனத்தைக் கூட்டினால் கூண்டின் உயரம்.

எட்டு வார லேப்ரடார் குட்டி ஐந்து, ஆறு கிலோ இருக்கும். உதாரணத்துக்கு மூக்கிலிருந்து வால் வரை 40, முழங்கை 12, தோள் 14, தலை 30 என்று வைத்துக்கொள்வோம். கூண்டு நீளம் 46, அகலம் 28, உயரம் படுக்கையோடு 33 செ.மீ. ஆகிறது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். கடையில் 19 இன்ச் என்று ஒட்டியிருக்கும் கேரியர் 48 செ.மீ., ஆகவே 46 தாராளமாக அடங்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 19 இன்ச் என்பது வெளிப்புறத்தில், அதுவும் ஓடு விரிந்திருக்கும் நடுப்பகுதியில் எடுத்த அளவு. கீழே போகப்போக ஓடு உள்பக்கம் சரியும், கதவுப் பக்கம் விளிம்பு வேறு சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். குட்டி படுக்கும் தரை 40, 42தான் தேறும். டேப்பை உள்ளே விட்டுத் தரையை அளந்தால்தான் உண்மை தெரியும். 24 இன்ச் கேரியரில் இதே கழிவு போக 52, 55 செ.மீ. தரை கிடைக்கும். உங்கள் குட்டிக்கு அதுதான் பொருத்தம். குட்டி எழுந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கும், உருண்டு மோதும் அளவுக்கு வெற்றிடம் இருக்காது. பக்கத்து வீட்டுக் கேரியர் இதைவிடப் பெரிதாக இருந்தால் விட்டுவிட வேண்டியதில்லை. கதவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு போர்வையை இறுகச் சுருட்டி அடைத்து இடத்தைக் குறைத்துவிடுங்கள்.

பழைய கேரியரில் பார்க்க வேண்டியது அழகையோ நிறத்தையோ அல்ல, மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடத்தை. சிலவற்றில் போல்ட்டும் நட்டும் இருக்கும், சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் கிளிப். வெயிலில் வருஷக்கணக்காக மாடியில் கிடந்த பிளாஸ்டிக் நம்மூர்ச் சூட்டில் வெளுத்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். கிளிப்பை விரல் நகத்தால் நெம்பினால் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தக் கிளிப்பை நம்பக் கூடாது. பிறகு பத்துக் கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, இடமும் வலமும் நாலு முறை நன்றாகக் குலுக்குங்கள். குட்டியின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. ஓடு பிளந்து விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ, கதவுக் கம்பி துளையிலிருந்து நழுவினாலோ, அந்த இடத்தில்தான் நெடுஞ்சாலையில் திறந்துகொள்ளப் போகிறது என்று அர்த்தம்.

ஓடு நன்றாக இருந்து கிளிப் மட்டும் தளர்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் அகலமான கேபிள் டை எட்டு வாங்கி, நாலு மூலைக்கும் இரண்டிரண்டாக ஓட்டின் துளைகள் வழியே இழுத்துக் கட்டிவிடலாம். வெட்டிய முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, குட்டியின் கண்ணில் கீறும். கதவில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். ஏதாவது என்றால் ஒரே கையால் திறக்க வேண்டிய இடம் அது. கதவு கம்பியாக இருப்பது நல்லது, கம்பிக்குக் கம்பி இடைவெளி இரண்டரை செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. காற்றுத் துளைகள் குறைந்தது மூன்று பக்கம் வேண்டும். அவை மேல் பாதியில் இருந்தால், கீழே மூத்திரம் தேங்கினாலும் சீட்டில் ஒழுகாது.

இரவல் கூண்டு என்பதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தந்து உயிரையே எடுக்கும் பார்வோ என்ற வைரஸ் கிருமி, காய்ந்த மலத் துணுக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் ஊசி மட்டும் போட்ட எட்டு வாரக் குட்டிக்கு அதை எதிர்க்கும் சக்தி முழுதாக வந்திருக்காது. அந்த வீட்டு நாய் ஆரோக்கியமானதாக இருந்தாலும் கூண்டைச் சுத்தம் செய்யாமல் குட்டியை விடாதீர்கள். வழக்கமாக வீட்டில் ஊற்றும் பினாயிலை நம்பக் கூடாது, பார்வோவை அது சாகடிக்காது. போல்ட்டைக் கழற்றி ஓடு இரண்டையும் பிரித்து, முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேயுங்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச்சிங் வேலை செய்யாது, ஆகவே இந்த முதல் தேய்ப்பை விடக் கூடாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது தலைதட்டிய டீஸ்பூனில் ஏறக்குறைய இரண்டு, கலந்து தெளிய வைத்து, அந்தத் தெளிவை ஓடு முழுக்க நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். புதிதாக உடைத்த பாக்கெட்டாக இருக்கட்டும், திறந்து கிடந்த பவுடரில் வீரியம் போயிருக்கும். ஆசிடோ பினாயிலோ இதோடு கலக்கக் கூடாது. கடைசியில் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி, வாசனை போகும் வரை வெயிலில் காய வையுங்கள். கதவின் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கத் துடைத்து வையுங்கள்.

படுக்கைக்குக் கடையில் விற்கும் பஞ்சு மெத்தை வேண்டாம், குட்டி கடித்துப் பிய்த்து விழுங்கும். வைக்கோல், மரத்தூள், தேங்காய் நார் எதுவும் வேண்டாம், ஏசிக் காற்றில் பறந்து மூக்கில் ஏறும். கீழே ஐந்தாறு அடுக்கு செய்தித்தாள், மேலே பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து விளிம்புகளைத் தாளுக்கு அடியில் செருகினால் போதும். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி ஈரத்தை உறிஞ்சும், நகத்தில் மாட்டும் நூல் வளையமும் அதில் இருக்காது. இதே மாதிரி இன்னும் இரண்டு ஜோடி தாளும் துணியும், ஈரத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் அந்த வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, நாலு நாள் முன்னதாகவே வளர்ப்பவருக்கு அனுப்பி, தாய்நாயும் மற்றக் குட்டிகளும் படுக்கும் இடத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த வாசனைத் துணி கூண்டுக்குள் இருக்கும் குட்டி, இல்லாத குட்டியைவிடச் சீக்கிரம் அடங்கும். முதல் வாரம் வீட்டிலும் அதைத் துவைக்காதீர்கள்.

கூண்டுக்குள் இருக்கும்போது குட்டியின் கழுத்தில் எதுவும் கூடாது. காலர், சங்கிலி, சலங்கை எதுவாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டுவது நம் வீடுகளில் வழக்கம், அதை வீட்டுக்கு வந்த பிறகு கட்டுங்கள். கயிறு கம்பிக் கதவில் மாட்டிக்கொண்டு குட்டி பின்னால் இழுத்தால் சுருக்கு இறுகும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தும் ஒரு நிமிடம் கவனிக்காமல் போகக்கூடிய ஆபத்து இது.

காரில் எங்கே வைப்பது? டிக்கியில் வேண்டாம். பின்சீட்டுக்குப் பின்னால் ஏசிக் காற்று சரியாகப் போகாது, பின்னாலிருந்து லாரி இடித்தால் முதலில் நசுங்கும் இடமும் அதுதான். உங்கள் காரில் நல்ல இடம் பின்சீட்டின் இடப்பக்கம், முன்சீட்டுப் பயணிக்குப் பின்னால். கேரியரின் நீளம் காரின் குறுக்காக இருக்கட்டும், கதவு நடுப்பக்கம், மகள் உட்காரும் பக்கம் பார்க்கட்டும்.

சீட் பின்னோக்கிச் சரிந்திருக்கும், ஆகவே கேரியர் சாய்ந்து நிற்கும். குட்டி நாலு மணி நேரம் சரிவிலேயே கால் ஊன்றிக்கொண்டு வந்தால் தூங்காது, வாந்தியும் எடுக்கும். சாய்மானத்தை ஒட்டிய பள்ளத்தில் ஒரு டவலைச் சுருட்டி வைத்து மட்டமாக்குங்கள். தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து உருள்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கேரியருக்கு அடியில் சமையலறை அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். சீட் பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டு மாட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அந்தக் கைப்பிடி இரண்டு சின்னக் கொக்கியில் நிற்கிறது, ஒரு பலமான பிரேக்கில் பெயர்ந்து வந்துவிடும். பெல்ட்டைக் கேரியரின் உடம்பைச் சுற்றிக் கொண்டுபோய் மாட்டி இறுக்குங்கள். அதன் பிறகு முன்சீட்டைப் பின்னால் தள்ளி, சீட்டின் முதுகு கேரியரைத் தொட்டு நிற்கும்படி வையுங்கள். முன்னும் பின்னும் இரண்டு சீட்டுக்கு நடுவில் ஆப்பு வைத்த மாதிரி அது நிற்க வேண்டும். மோதல் சோதனை செய்யாத கேரியரில் பெல்ட்டைவிட இந்த ஆப்புதான் காப்பாற்றும். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கேரியர் தனியாக ஆடாமல் காரோடு சேர்ந்து ஆட வேண்டும். இதையெல்லாம் புறப்படும் நாளில் பெங்களூர்த் தெருவில் வைத்துப் பழகாதீர்கள். முந்தின வாரமே வீட்டு வாசலில், அதே அரிசிப் பையை உள்ளே வைத்து ஒரு முறை செய்து, காங்கேயநல்லூர் வரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மே மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கூண்டைவிட அதுதான் கவலை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வேலூர் 200 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்க இறங்கச் சூடு ஏறிக்கொண்டே வரும். குளிர்ந்த காலையில் பிறந்து வளர்ந்த குட்டி, அக்னி நட்சத்திரம் தொடங்கும் வேளையில் வந்து இறங்கப்போகிறது. நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது, குட்டிக்கு அந்தத் திறமையும் இன்னும் முழுதாக வரவில்லை. முந்தின நாளே போய்த் தங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குள் குட்டியை வாங்கிப் புறப்பட்டால், பதினொன்றுக்குள் வீடு சேரலாம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் உச்சி வெயில் நெரிசலில் மாட்ட வேண்டாம். அவ்வளவு காலையில் தர முடியாது என்றால் பிற்பகல் மூன்றுக்கு மேல் புறப்படுங்கள். காலை பத்து மணிக்குப் புறப்படுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம்.

குட்டியை ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை ஓடவிடுங்கள். 24, 25 டிகிரி போதும். ஏற்றும் முன் உங்கள் புறங்கையைக் கேரியரின் பின்சுவர் வரை உள்ளே விட்டு அரை நிமிடம் வைத்திருங்கள். அங்கே காற்று அசைவது தெரிய வேண்டும். முகத்தில் குளிர் அடிக்கிறது என்பதால் பெட்டிக்குள்ளும் குளிரும் என்று நினைக்கக் கூடாது. தெரியவில்லை என்றால் நடு வென்ட்டைப் பின்னோக்கித் திருப்புங்கள். கேரியர் மேல் வெயில் விழும் பக்கத்துக்கு மட்டும் வெள்ளைத் துணி போடலாம், எல்லாப் பக்கமும் மூடிவிடாதீர்கள்.

வழியில் ஆம்பூர் வரும். பிரியாணிக்கு இறங்குவதில் தவறில்லை, ஆனால் எல்லோரும் இறங்கக் கூடாது. வெளியே 38 டிகிரி இருந்தால் ஏசி நின்ற காருக்குள் பத்து நிமிடத்தில் 45ஐ நெருங்கிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் சரியாகும் என்பது தப்புக் கணக்கு. ஓட்டத் தெரிந்த ஒருவர் ஏசி ஓடும் காரிலேயே இருக்க வேண்டும். அல்லது பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: முந்தின இரவு பத்து மணிக்கு வழக்கமான உணவு கொடுக்கச் சொல்லுங்கள். காலையில் இரண்டு வாய் தண்ணீரோடு நிறுத்தட்டும். நிறைந்த வயிற்றோடு ஏறினால் வாந்தி நிச்சயம். குட்டிகளுக்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னும் பக்குவப்படாததால் கார் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது. முதல் நிறுத்தத்தில் வாந்தி, எச்சில் எதுவும் இல்லை என்றால் ஊறவைத்த அதே உணவில் இரண்டு மூன்று டீஸ்பூன் கொடுங்கள். பதினோரு மணி வரை வெறும் வயிறு வேண்டாம். மனிதர்களுக்கான பயண வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் அளவு தப்பினால் தாங்காது. (இதைப் படிக்கும் வேறு யாராவது பொமரேனியன், சிவாவா மாதிரி கையளவுக் குட்டி கூட்டிவருவதாக இருந்தால், இரவு முதல் பட்டினி போடக் கூடாது. அவற்றுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சின்னச் சின்னக் கவளமாகக் கொடுக்க வேண்டும்.)

இனி உங்கள் மகளின் வேலை. வலப்பக்கம் பெல்ட் போட்டு உட்கார்ந்து, கதவுக் கம்பி வழியே இரண்டு விரலை உள்ளே வைத்துக்கொள்ளட்டும். முதல் பத்து, இருபது நிமிடம் குட்டி கத்தும், கதவைப் பிறாண்டும். அப்போது வெளியே எடுத்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று முதல் நாளே கற்றுக்கொள்ளும். விரலை நக்கவிட்டு, மெதுவான குரலில் பேசிக்கொண்டே வந்தால் போதும். கவனிக்க வேண்டிய அறிகுறிகளை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது என்றால் குமட்டல், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். வாயைத் திறந்து விடாமல் இரைத்து, எச்சில் கயிறு மாதிரி தடித்து, ஈறு செக்கச் செவேலென்று ஆனால் அது சூடு. உடனே நிறுத்தி வயிறு, தொடை இடுக்கு, பாதங்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து ஏசிக் காற்றில் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். குட்டி தள்ளாடினாலோ துவண்டாலோ அடுத்து வரும் ஊரிலேயே கால்நடை மருத்துவரைப் பாருங்கள், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள்.

ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று இரண்டு நிறுத்தம் போதும். டோல்கேட் ஓரத்திலோ, டீக்கடை வாசலிலோ, பங்க் பின்னாலோ குட்டியைத் தரையில் இறக்கிவிடாதீர்கள். தெருநாய் புழங்கும் மண் அதெல்லாம். காரை நிழலில் நிறுத்தி, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கூண்டைத் திறந்து, பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் செய்தித்தாள் விரித்து அதில் விடுங்கள். கூண்டுக்குள் நனைந்த தாளில் ஒரு துண்டை அதன் மேல் போட்டால் வாசனை பார்த்து அங்கேயே போகும். போகவில்லை என்றாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

பெங்களூரில் குட்டியை வாங்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கேரியரைக் கதவு திறந்த நிலையில் தரையில் வைத்து, கதவு ஆடி மூக்கில் அடிக்காமல் பின்னால் கட்டி, உள்ளே கடைசியில் நாலு பருக்கை உணவு போடுங்கள். குட்டி தானாக உள்ளே போய் வந்த பெட்டிக்கும், கையால் திணித்த பெட்டிக்கும் வித்தியாசம் வழி நெடுகத் தெரியும். தடுப்பூசி அட்டையை வாங்கி, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதிகளும் வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே "ரெண்டு வாரம் முன்னாடியே வந்து எடுத்துக்கோங்க" என்று போன் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தின்னும் அதே உணவில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாசத்தில் பால்சோறு வைத்தால் மறுநாள் வயிற்றுப்போக்கு. பயணக் களைப்பா, பாலா, பார்வோவா என்று பிரித்தறிவது அப்போது எங்களுக்கே சிரமமாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டோடு தூக்கி உள்ளே கொண்டுபோங்கள், கைப்பிடியை மட்டும் நம்பாமல் மற்றக் கையை அடியில் கொடுங்கள். அதை உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது ஊசி மூன்று, நான்கு வாரத்தில் வரும், அதற்கும் இதே கேரியரில்தான் கொண்டுவர வேண்டும். மூன்று மாதம் ஆகும்போது குட்டி ஒன்பது, பத்துக் கிலோவைத் தொடும், அதுவரைக்கும் 24 இன்ச் தாங்கும். மருத்துவமனையில் காத்திருக்கும்போது கேரியரைத் தரையில் வைக்காமல் மடியிலோ பெஞ்சிலோ வையுங்கள். அந்தத் தரையில் பல நோய் நாய்கள் நடந்திருக்கும்.

42 இன்ச் கூண்டை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், நடுவில் தடுப்புப் பலகை போட வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கி, வீட்டில் மட்டும் பயன்படுத்துங்கள். தடுப்பை நகர்த்தி, குட்டி படுத்துத் திரும்பும் அளவு இடத்தை மட்டும் விடுங்கள். முழுக் கூண்டையும் திறந்துவிட்டால் ஒரு மூலையில் தூங்கி மறு மூலையைக் கக்கூஸ் ஆக்கிக்கொள்ளும். மேற்குச் சுவரை ஒட்டியோ, ஷீட் போட்ட மாடியிலோ அதை வைக்காதீர்கள். மே மாதத்தில் அந்தச் சுவர் இரவு பத்து மணிக்கும் தொட்டால் சுடும்.